பத்து ரூபாய் மாத்திரையும் பாட்டாளியின் கணக்கும்

திருவொற்றியூரில் ஒரு வாயிற்கூட்டம். போனஸ், ஒப்பந்தத் தொழிலாளரின் நிலை, கான்டீன் சாப்பாடு எல்லாம் பேசி முடித்தாயிற்று. கடைசியாக ஒரு செய்தியைச் சொன்னோம். எச்.ஐ.வி. கிருமி உடலில் வேரூன்றாமல் தடுக்கும் மாத்திரை ஒன்று இருக்கிறது. அதைத் தேவைப்படுவோருக்குச் சர்க்காரே இலவசமாகக் கொடுக்க வேண்டும். நம் சங்கமும் அதைக் கேட்க வேண்டும் என்றோம்.

பின்வரிசையிலிருந்து ஒரு தோழர் எழுந்தார். வயது ஐம்பதைத் தாண்டியவர். மூட்டை சுமந்து கூன் விழுந்த முதுகு.

"தோழரே, முதுகு வலிக்கு மாத்திரை வாங்க நான் அரை நாள் க்யூவுல நிக்கிறேன். அரை நாள் கூலி போவுது. எவனோ போடுற ஆட்டத்துக்கு நம்ம வரிப் பணத்துல மாத்திரையா?"

கூட்டம் சிரித்தது. சிலர் கைதட்டினார்கள். நாம் ஒரு பதில் சொன்னோம்: "வந்த பின் வைத்தியம் பார்ப்பதைவிட வருமுன் காப்பது எப்போதும் மலிவு" என்றோம். கூட்டம் கலைந்தது.

வீட்டுக்கு வந்து காகிதமும் பென்சிலும் எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான், நாம் சொன்ன பதில் முழு உண்மை அல்ல என்று தெரிந்தது. எப்போதும் மலிவு அல்ல. சில இடங்களில் மலிவு. சில இடங்களில் வீண் செலவு. எங்கே மலிவு, எங்கே வீண் என்று பிரித்துச் சொல்லாதவன் மக்களிடம் கோஷம் போடுகிறானே ஒழியக் கணக்குச் சொல்லவில்லை. அந்தத் தோழர் கேட்டது நியாயமான கேள்வி. அவருக்குக் கடன்பட்ட பதிலை இன்று எழுதுகிறோம்.

மாத்திரை எது?

முதலில் பொருள் என்ன என்று தெரிந்துகொள்வோம். டெனோஃபோவிர், எம்ட்ரிசிடபின் என்ற இரண்டு மருந்துகள் ஒரே மாத்திரையில் சேர்ந்திருக்கின்றன. இவை புதியவை அல்ல, எச்.ஐ.வி. கண்டவர்களுக்குச் சிகிச்சையில் கொடுத்து வந்த மருந்துகளே. கிருமி வருவதற்கு முன்பே இவை இரத்தத்தில் இருந்தால், உள்ளே வந்த கிருமி பெருக முடியாமல் அழிகிறது. தினமும் தவறாமல் சாப்பிடுபவருக்கு உடலுறவால் வரும் தொற்று ஏறத்தாழ 99 சதவீதம் தடுக்கப்படுகிறது. இதற்குப் 'பிரெப்' என்று பெயர்.

அமெரிக்காவிலே 2012-இல் இதற்கு அனுமதி கிடைத்தது. ஆபத்து மிகுந்த எல்லாருக்கும் கொடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2015-இல் பரிந்துரைத்தது. நம் நாட்டுத் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு நிறுவனம் 2021-இல் வெளியிட்ட வழிகாட்டுதலிலும் இது இடம் பெற்றது. கொல்கத்தாவின் சோனாகாச்சியிலும் மைசூரிலும் பாலியல் தொழில் செய்யும் பெண்களின் சங்கங்களே முன்னின்று ஒரு சோதனைத் திட்டம் நடத்தின. 1,300-க்கும் மேற்பட்ட பெண்கள் மாத்திரை எடுத்தார்கள். திட்டம் நடந்த காலத்திலே ஒருவருக்கும் புதிதாகக் கிருமி தொற்றவில்லை. நாடு முழுவதும் அவமதிக்கும் அந்தப் பெண்கள் சங்கம் கட்டிச் சாதித்த காரியம் இது. சங்கம் என்றால் என்ன என்று தெரிந்த நமக்கு அதன் அருமை புரியும்.

இது மந்திர மாத்திரை அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். தொடங்கும் முன் இரத்தப் பரிசோதனை வேண்டும். ஏற்கெனவே கிருமி இருப்பவருக்கு இந்த மாத்திரை மட்டும் போதாது, முழுச் சிகிச்சை தேவை. சிறுநீரகத்தைக் கவனிக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை சோதனை வேண்டும். மேகநோய் முதலான பிற பால்வினை நோய்களை இது தடுக்காது, ஆணுறை ஆணுறைதான். ஆணுறை கிழிந்தால், மறந்தால், மறுக்கப்பட்டால் காப்பாற்ற இன்னொரு அரண் – அவ்வளவே இது.

சென்னை கண்ட நோய்

இந்த நோயின் இந்திய வரலாறு சென்னையிலேதான் தொடங்குகிறது. 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சுனிதி சாலமன் வழிகாட்ட, அவருடைய மாணவி டாக்டர் நிர்மலா பாலியல் தொழில் செய்த பெண்களின் இரத்தத்தைச் சேகரித்தார். வேலூரில் சோதித்தபோது ஆறு பெண்களிடம் கிருமி இருந்தது. இந்தியாவில் எச்.ஐ.வி. இருக்கிறது என்று உலகம் அறிந்தது அப்போதுதான்.

அதன் பிறகு வந்தது மருந்தல்ல, பீதி. கிருமி இருந்த பெண்களைக் காவல் இல்லங்களில் பூட்டி வைத்தார்கள். பூட்டினால் நோய் அடங்கும் என்று நினைத்தார்கள். அவர்களை விடுவிக்க உயர் நீதிமன்றமே தலையிட வேண்டியதாயிற்று. பூட்டுக்கு அடங்காத நோய் பிறகு எதற்கு அடங்கியது? சோதனைக்கும், விளக்கத்துக்கும், ஆணுறைக்கும், மருந்துக்கும் அடங்கியது. 1994-இல் தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் அமைந்தது. 1995 முதல் அடையாறு தன்னார்வ சுகாதார சேவை அமைப்பின் வழியாக லாரித் தொழிலாளரிடம் தடுப்புப் பிரசாரம் நடந்தது. கர்ப்பிணிப் பெண்களிடம் எடுத்த கணக்கிலே 2001–02-இல் நூற்றுக்கு 1.13 பேருக்குத் தமிழ்நாட்டில் கிருமி இருந்தது. அண்மை ஆண்டுகளில் அது 0.2 சதவீதத்துக்கும் கீழே இறங்கியிருக்கிறது.

இறங்கிவிட்டதே, இனி என்ன கவலை என்று கேட்கலாம். இந்தியா முழுவதும் 2023-இல் சுமார் 25 லட்சம் பேர் இந்தக் கிருமியோடு வாழ்ந்தார்கள். அந்த ஓர் ஆண்டில் மட்டும் புதிதாகத் தொற்றியவர்கள் சுமார் 68,000 பேர் என்பது தேசிய மதிப்பீடு. அணைந்த நெருப்பு அல்ல இது. நீறு பூத்த நெருப்பு.

விலை என்பது யார் வைத்தது?

இனி விலைக்கு வருவோம். மருந்தின் விலை அதிலுள்ள ரசாயனத்தின் விலை என்று பலர் நினைக்கிறார்கள். அல்ல. அது பெரும்பாலும் சட்டத்தின் விலை.

1970-இல் இயற்றப்பட்ட இந்தியக் காப்புரிமைச் சட்டம், மருந்துப் பொருளுக்கு ஏகபோக உரிமை இல்லை, அதைச் செய்யும் முறைக்கு மட்டுமே உண்டு என்றது. வேறு வழியில் அதே மருந்தைச் செய்ய எவருக்கும் தடையில்லை. அதன் பலன் 2001-இல் உலகுக்குத் தெரிந்தது. மேல்நாடுகளில் எச்.ஐ.வி. சிகிச்சைக்கு ஒரு நோயாளிக்கு ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் வாங்கிக் கொண்டிருந்த வேளையில், பம்பாய் சிப்லா கம்பெனி 350 டாலருக்குத் தருகிறேன் என்றது. ஒரு நாளைக்கு ஒரு டாலருக்கும் குறைவு! அதே மருந்து, அதே குணம். மறைந்தது ஏகபோகம் ஒன்றுதான்.

மருந்து மலிந்தது, அதனால்தான் 2004 ஏப்ரல் 1 அன்று சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் இலவசச் சிகிச்சையைத் தொடங்க முடிந்தது. முதலில் தொடங்கிய எட்டு மையங்களில் ஒன்று நம் தாம்பரம் நெஞ்சக நோய் ஆஸ்பத்திரி. அதுவரை அங்கே சாவதற்கென்று வந்தவர்கள், அதன்பின் மாத்திரை வாங்கிக்கொண்டு வேலைக்குத் திரும்பினார்கள்.

2005-இல் உலக வர்த்தக ஒப்பந்தப்படி சட்டம் மாறிற்று. பொருளுக்கும் ஏகபோகம் வந்தது. ஆனால் பழைய மருந்தைச் சிறிது உருமாற்றிப் புதியதென்று உரிமை கேட்பதைத் தடுக்க 3(டி) என்ற பிரிவும் கூடவே வந்தது. அந்தப் பிரிவே செல்லாது என்று சுவிட்சர்லாந்தின் நோவார்டிஸ் கம்பெனி வழக்காடியது. எங்கே தெரியுமா? ராயபுரத்திலிருந்து நடந்தே போகும் தூரத்தில், துறைமுகத்துக்கு எதிரே சிவந்து நிற்கிறதே சென்னை உயர் நீதிமன்றம், அங்கேதான். 2007 ஆகஸ்டில் அந்த வழக்கு தள்ளுபடியாயிற்று. நாம் இன்று பேசும் மாத்திரையில் உள்ள டெனோஃபோவிருக்கு அமெரிக்காவின் கிலியட் கம்பெனி இங்கே உரிமை கேட்டபோது, நோயாளிகளின் அமைப்புகள் ஆட்சேபித்தன. 2009-இல் காப்புரிமை அலுவலகம் மறுத்துவிட்டது. அதனால்தான் இந்தியாவில் அதைப் பலர் செய்கிறார்கள். பலர் செய்வதால் விலை இறங்கியது.

இன்னொரு வேடிக்கையையும் கேளுங்கள். மாத்திரையைத் தடுப்புக்குப் பயன்படுத்தலாம் என்ற ஆராய்ச்சியில் அமெரிக்க சர்க்காரின் விஞ்ஞானிகளுக்குப் பெரும் பங்கு உண்டு. குரங்குகளிடம் சோதித்தது மக்களின் வரிப் பணத்தில். லாபம் போனது கம்பெனிக்கு. எங்கள் பங்கு எங்கே என்று 2019-இல் அமெரிக்க சர்க்காரே கிலியட் மீது வழக்குப் போட்டது. 2023-இல் ஜூரிகள் கம்பெனியின் பக்கம் தீர்ப்பளித்தார்கள். உழுதவன் ஒருவன், அறுத்தவன் இன்னொருவன்!

கணக்கைப் போடுவோம்

இன்று உலகளவில் மொத்தமாகக் கொள்முதல் செய்தால் இந்தத் தடுப்பு மாத்திரை ஒருவருக்கு ஓராண்டுக்கு ஏறத்தாழ 40 டாலர், அதாவது சுமார் 3,500 ரூபாய். நாளைக்குப் பத்து ரூபாய். டீக்கடையில் ஒரு கிளாஸ் டீக்குக் கொடுப்பதைவிடக் குறைவு. ஆனால் நோய் வந்தபின் கொடுக்கும் சிகிச்சை மருந்தும் மலிந்துவிட்டது. உலகளாவிய நிதியம் 2023-இல் அறிவித்தபடி ஆண்டுக்கு 45 டாலருக்கும் கீழே. சுமார் 4,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சிகிச்சை ஆயுள் முழுவதும் வேண்டும். நாற்பதாண்டு என்று வைத்தால் ஒருவருக்கு 1,60,000 ரூபாய்.

இப்போது மூன்று உதாரணங்கள். கணக்கு விளங்குவதற்காக நாமே வைத்துக்கொண்ட எண்கள் இவை.

முதலாவது: ஆண்டுக்கு ஆயிரத்தில் ஒருவருக்குத்தான் தொற்றும் என்ற கூட்டம். ஆயிரம் பேருக்கும் மாத்திரை கொடுத்தால் 35 லட்சம் ரூபாய். தடுத்தது ஒரே ஒருவருக்கு. 35 லட்சம் செலவழித்து 1,60,000 ரூபாயை மிச்சம் பிடிப்பதா? வீண் செலவு.

இரண்டாவது: நூற்றில் ஒருவருக்குத் தொற்றும் கூட்டம். நூறு பேருக்கு மாத்திரை 3,50,000 ரூபாய். தடுத்தது ஒருவருக்கு. மருந்துச் செலவை மட்டும் பார்த்தால் இதுவும் நஷ்டமே.

மூன்றாவது: நூற்றில் மூவருக்குத் தொற்றும் கூட்டம். அதே 3,50,000 ரூபாய். தடுத்தது மூவருக்கு. அந்த மூவரின் ஆயுள் சிகிச்சை மருந்து 4,80,000 ரூபாய். இங்கே கஜானாவுக்கே லாபம்.

ஆகவே, 'எல்லாருக்கும் கொடு' என்பது பொருந்தாது. 'யாருக்கும் கொடுக்காதே' என்பதும் பொருந்தாது. ஆபத்து எங்கே மிகுதியோ அங்கே கொடு. கூட்டத்திலே நாம் போட்ட கோஷத்தை இவ்வாறு திருத்திக் கொள்கிறோம்.

கஜானா எழுதாத பக்கம்

ஆனால் கணக்கு இத்துடன் முடிந்ததா? இல்லை. இதுவரை நாம் பார்த்தது கஜானாவின் ஏடு. அதிலே சில வரிகள் எழுதப்படுவதே இல்லை.

2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்ததை நாம் மறந்துவிடவில்லை. படகுகள் கறுத்தன, வலைகள் கறுத்தன. மீனவர்கள் வாளியும் குவளையும் கொண்டு எண்ணெயை அள்ளினார்கள். கசியாமல் தடுக்க ஆகும் செலவு ஓர் ஏட்டிலே இருக்கிறது. கடலுக்குப் போகாத நாட்களின் நஷ்டமோ எண்ணூரின் குடிசையிலே இருக்கிறது. முதல் ஏட்டை மட்டும் வைத்துக்கொண்டு கூட்டிக் கழித்தால் தடுப்பு எப்போதும் அதிகச் செலவாகத்தான் தெரியும்.

நோயிலும் அப்படியே. டிரெய்லர் லாரி ஓட்டும் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். துறைமுக வாயிலுக்கு முன்னே எண்ணூர் சாலையில் மணிக்கணக்கில் வண்டி நிற்கிறது. வாரக்கணக்கில் வீடு பார்ப்பதில்லை. டிரிப்புக்கு இவ்வளவு என்று கூலி. அவருக்குக் கிருமி தொற்றிவிட்டால் சர்க்கார் மாத்திரை கொடுக்கும், சரி. மாதந்தோறும் ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளின் கூலியை யார் கொடுப்பது? பின்னாலேயே காசநோய் வந்தால், படுத்துக் கிடக்கும் மாதங்களுக்கு யார் கொடுப்பது? முதலாளிக்குச் செய்தி தெரிந்து வண்டிச் சாவியைப் பிடுங்கிக்கொண்டால்? 2017-இன் எச்.ஐ.வி. சட்டம் வேலைநீக்கத்தைத் தடுக்கிறது. ஆனால் நாள்கூலிக்காரனை நீக்க உத்தரவா வேண்டும்? 'நாளைக்கு வராதே' என்ற ஒரு சொல் போதுமே.

அவர் மனைவிக்கு வருவதோ அதைவிடக் கொடிது. இந்த நாட்டிலே எச்.ஐ.வி. தொற்றிய பெண்களில் மிகப் பலர் தம் கணவரைத் தவிர வேறொருவரை அறியாதவர்கள். வீட்டிலே சோறு பொங்கிக் காத்திருந்ததுதான் அவர்கள் செய்த குற்றம். 'எவனோ போடும் ஆட்டம்' என்று கேட்ட தோழரே, அவளுடைய ஆட்டம் எது? அவளுக்கும் நம் வரிப் பணம் கூடாதா?

இன்னும் இரண்டு வரிகள் உண்டு. ஒன்று: தொற்று ஒருவரோடு நிற்பதில்லை, இன்று தடுத்த ஒன்று, நாளை அவரிடமிருந்து பரவ இருந்ததையும் சேர்த்துத் தடுக்கிறது. இரண்டு: சிகிச்சை மாத்திரை ஆயுள் வரை, தடுப்பு மாத்திரை ஆபத்து இருக்கும் காலம் வரைதான். நெடுந்தூர வண்டி ஓட்டும் இரண்டாண்டு சாப்பிட்டுவிட்டு, ஊரோடு வேலை கிடைத்ததும் வைத்தியரைக் கேட்டு நிறுத்திவிடலாம். இரண்டாண்டுக்கு ஏழாயிரம் ரூபாய். இந்த வரிகளையும் எழுதினால் நம் இரண்டாவது உதாரணமும் நஷ்டத்திலிருந்து கரையேறத் தொடங்கும்.

சிகிச்சையே ஒரு பெரிய தடுப்பு என்பதையும் மறக்கக் கூடாது. மருந்து ஒழுங்காகச் சாப்பிட்டு, இரத்தத்தில் கிருமி கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு அடங்கியவரிடமிருந்து உடலுறவின் வழியே பிறருக்குத் தொற்றுவதில்லை. கிருமி கண்ட உடனேயே எல்லாருக்கும் சிகிச்சை என்று 2017-இல் இந்தியா முடிவு செய்தது நல்ல முடிவு. சோதனையும் சிகிச்சையும் அடித்தளம். தடுப்பு மாத்திரை அதன் மேல் கட்டும் சுவர். ஒன்றைக் குறைத்து இன்னொன்றைக் கேட்கவில்லை நாம்.

லண்டனுக்கு ஒரு நியாயம்

இங்கிலாந்திலே என்ன நடந்தது? 2016-இல் அங்கே தேசிய சுகாதாரச் சேவையின் நிர்வாகம், இந்த மாத்திரைக்குப் பணம் கொடுப்பது எங்கள் பொறுப்பல்ல என்றது. எய்ட்ஸ் அமைப்பு ஒன்று வழக்குத் தொடுத்தது. பொறுப்பு உண்டு, அதிகாரம் உண்டு என்று அதே ஆண்டிலே இரண்டு நீதிமன்றங்கள் சொல்லிவிட்டன. 2017-இல் பெரிய சோதனைத் திட்டம். 2020-இல் வழக்கமான இலவச விநியோகம்.

இடையில் அந்நாட்டு மக்கள் சும்மா இருந்தார்களா? தபாலிலே வரவழைத்துச் சாப்பிட்டார்கள். எந்த மாத்திரையை? இந்தியாவில் செய்த மலிவு மாத்திரையை! அந்தக் காலத்திலேதான், விரைவான சோதனையும் சிகிச்சையும் கூடச் சேர்ந்து, லண்டன் மருத்துவ நிலையங்களில் புதிய தொற்றுகள் வேகமாகக் குறைந்தன. பிரேசிலிலோ 2018 முதல் பொதுச் சுகாதாரத் திட்டமே இலவசமாகக் கொடுத்து வருகிறது.

இந்தியத் தொழிலாளி செய்த மாத்திரை லண்டனைக் காக்கிறது. அதே மாத்திரை கப்பலேறும் துறைமுகத்தின் வாயிலிலே நிற்கும் லாரித் தொழிலாளிக்கு அது எட்டவில்லை. சிகிச்சை மாத்திரை ஊர்தோறும் இலவசம். தடுப்பு மாத்திரை அப்படி இல்லை. காசுள்ளவன் மருந்துக் கடையில் பல மடங்கு கொடுத்து வாங்குகிறான். காசில்லாதவன் கடவுளை நம்புகிறான்.

அடுத்து வரும் ஊசி

நாளைய செய்தியையும் சொல்கிறோம். லெனகாபவிர் என்று ஓர் ஊசி மருந்து வந்திருக்கிறது. ஆண்டுக்கு இரண்டே முறை போட்டால் போதும். ஆப்பிரிக்காவிலே இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட இளம் பெண்களுக்குப் போட்டுச் சோதித்தார்கள். ஒருவருக்கும் தொற்றவில்லை என்று 2024-இல் முடிவு வந்தது. 2025 ஜூனில் அமெரிக்கா அனுமதி அளித்தது. கிலியட் அங்கே வைத்த விலை ஆண்டுக்கு 28,218 டாலர். சுமார் 25 லட்சம் ரூபாய்! நம் ஹைதராபாத்தின் டாக்டர் ரெட்டீஸ், ஹெட்டெரோ கம்பெனிகளோ 2027 முதல் 120 நாடுகளுக்கு ஆண்டுக்கு 40 டாலருக்குத் தருவதாக 2025 செப்டம்பரில் அறிவித்தன. ஒரே மருந்து, எழுநூறு மடங்கு விலை வித்தியாசம். ரசாயனத்தின் விலையல்ல, சட்டத்தின் விலை என்று மேலே சொன்னதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

தினமும் மாத்திரைப் பெட்டியை மறைத்து வைக்க இடமில்லாத ஒற்றை அறை வாழ்க்கைக்கு, இரண்டு ஊசி எத்தனை வசதி! ஆனால் யார் முன்கூட்டியே மொத்தமாகக் கேட்கிறார்களோ அவர்களுக்கே மலிவு விலை முதலில் கிடைக்கும். இது சந்தையின் விதி.

நாம் கேட்பது என்ன?

மொத்தமாக வாங்கும் கலை தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 1994-இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அமைந்தது. சர்க்கார் ஆஸ்பத்திரிகளுக்கு வேண்டிய மருந்துகளை ஒரே கையாக டெண்டர் விட்டு வாங்கி, தரம் சோதித்து, மாவட்டக் கிடங்குகளின் வழியே அனுப்பும் அந்த முறையைப் பின்னாளில் பிற மாநிலங்களும் வந்து கற்றுக்கொண்டு போயின. பணமே இல்லை என்பாருக்கும் ஒரு சொல்: தேசிய எய்ட்ஸ் திட்டத்தின் ஐந்தாம் கட்டத்துக்கு, 2021 முதல் 2026 மார்ச் வரை, மத்திய சர்க்கார் ஒதுக்கியது 15,471 கோடி ரூபாய். முழுவதும் நம் நாட்டுப் பணம். வெளிநாட்டு உதவியை நம்பிய நாடுகள், அமெரிக்காவின் யு.எஸ். எய்ட் 2025-இல் மூடப்பட்டபோது தவித்தன. நமக்கு அந்தத் தவிப்பு இல்லை. வழி இருக்கிறது, வகை இருக்கிறது. மனம்தான் வேண்டும்.

ஆகவே கேட்கிறோம்:

தடுப்பு மாத்திரையை மருத்துவப் பணிகள் கழகத்தின் கொள்முதல் பட்டியலில் சேர்த்து, ஆபத்து மிகுந்தோருக்கு இலவசமாகக் கொடுங்கள்.

பகல் பத்து மணிக்குக் கதவு திறந்து நான்கு மணிக்கு மூடும் இடத்தில் மட்டும் வைக்காதீர்கள். லாரி நிறுத்துமிடத்திலும் காசிமேட்டிலும் மணலியிலும் தொழிலாளி கை ஓயும் மாலை நேரத்தில் கொடுங்கள். பெயரை உரக்கக் கூப்பிடாதீர்கள். இரகசியம் காப்பது சட்டத்தின் கட்டளை.

இ.எஸ்.ஐ. மருந்தகத்திலும் கொடுங்கள். எங்கள் கூலியில் நூற்றுக்கு முக்கால் ரூபாய் பிடிக்கிறீர்கள். லாரித் தொழிலாளரையும் ஒப்பந்தத் தொழிலாளரையும் ஒருவர் விடாமல் அந்தக் காப்பீட்டுக்குள் கொண்டு வாருங்கள்.

2027-இல் வரும் மலிவு ஊசிக்கு இன்றே கணக்கெடுத்து, இன்றே பேரம் பேசுங்கள்.

சங்கத் தோழர்களுக்கும் ஒரு வேண்டுகோள். தொழிலாளர் சங்க அலுவலகத்தின் அறிவிப்புப் பலகையில் 1097 என்ற எண்ணை எழுதி வையுங்கள். எய்ட்ஸ் பற்றிய விளக்கத்துக்கான இலவசத் தொலைபேசி அது. ஆபத்து நேர்ந்துவிட்டது என்று அஞ்சுபவர் 72 மணி நேரத்துக்குள் சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும், அப்போதும் தடுக்க மருந்து உண்டு என்பதையும் எழுதுங்கள். வந்து கேட்பவரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். ஒரு சிரிப்பு ஒருவரை மூன்று ஆண்டு சோதனைக்கே வராமல் துரத்திவிடும். அந்த மூன்று ஆண்டின் செலவும் நம் கணக்கிலேதான் ஏறும்.

கடைசியாக, பின்வரிசைத் தோழருக்கு. அரை நாள் க்யூவில் நின்று அரை நாள் கூலியை இழப்பது அநியாயம். முழுக்க முழுக்க அநியாயம். ஆனால் அந்தக் கூலியை உம்மிடமிருந்து பிடுங்கியது லாரிக்காரனின் மாத்திரை அல்ல. போதுமான வைத்தியர் இல்லாததும், மாலையில் மருந்தகம் திறக்காததும் பிடுங்கின. மாலையில் மருந்தகத்தைத் திற என்று லாரிக்காரனுக்காகக் கேட்கிறோமே, அந்தக் கதவு திறந்தால் உம் முதுகுவலி மாத்திரையும் அதே கதவின் வழியாகத்தான் வரும். அவரும் நீரும் ஒரே வரிசையில் நிற்கிறீர்கள். ஒருவரையொருவர் தள்ளினால் வரிசை கலையும். சேர்ந்து கதவைத் தட்டினால் கதவு திறக்கும்.

அடுத்த வாயிற்கூட்டத்துக்கு வாரும் தோழரே. கேள்வியோடு வாரும். நாம் கணக்கோடு வருகிறோம்.